பொதியின் முத்திரையும் பழத்தின் சான்றிதழும்: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார வேளாண் ஏற்றுமதியும் வரியல்லாத் தடைகளும்

ஆய்வுச்சுருக்கம்

தடையற்ற வணிக உடன்படிக்கைகள் சுங்கவரியைக் குறைத்தாலும் தரம், பயிர்நலம், ஆவணம் முதலிய விதிகள் ஏற்றுமதியைத் தடுக்கின்றன என்பது இன்றைய வேளாண் ஏற்றுமதியாளர்களின் முதன்மையான முறையீடு. உலக வணிக அமைப்பு தோன்றிய பின்னர் எழுந்த புதிய சிக்கலாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில் அமைந்த இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் இரு விளைபொருள்களை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பருத்தியையும் இன்றைய மாம்பழத்தையும், ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, அச்சிக்கல் நூறாண்டுப் பழமை உடையது என்று காட்டுகிறது. விதியின் கடுமையைவிட, அவ்விதியை நிறைவுசெய்யும் ஏற்பாடு விளைநிலத்திற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே விவசாயியின் பயனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வரியல்லாத் தடை, தடையற்ற வணிக உடன்படிக்கை, கம்போடியா பருத்தி, இந்திய – ஜப்பானிய உடன்படிக்கை, மாம்பழ ஏற்றுமதி, பயிர்நலச் சான்று

1. முன்னுரை

ஒரு நாட்டின் எல்லையில் அயல்நாட்டுச் சரக்கைத் தடுக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று வரி, மற்றொன்று விதி. வரி வெளிப்படையானது. இத்தனை விழுக்காடு என்று அறிந்துகொண்டால் வணிகர் அதனை விலையில் சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம். விதி அவ்வாறானதன்று. பூச்சி இருத்தலாகாது, பூச்சிக்கொல்லி எச்சம் இந்த அளவைத் தாண்டலாகாது, இன்ன முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், இன்ன படிவம் இணைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விரியும் நிபந்தனைகளை நிறைவு செய்யாத சரக்கு, வரி செலுத்த ஆயத்தமாக இருந்தாலும் உள்ளே நுழைய இயலாது. இத்தகைய நிபந்தனைகளே வரியல்லாத் தடைகள் எனப்படுகின்றன.

கடந்த கால் நூற்றாண்டில் இந்தியா பல உடன்படிக்கைகளைச் செய்துள்ளது. இலங்கையுடன் செய்த உடன்படிக்கை 2000ஆம் ஆண்டிலும், ஆசியான் நாடுகளுடன் செய்தது 2010இலும், ஜப்பானுடன் செய்தது 2011இலும், ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்தது 2022இலும் நடைமுறைக்கு வந்தன. பிரிட்டனுடனான உடன்படிக்கை 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. இவை பற்றிய விவாதங்களில் வரிக்குறைப்பின் விழுக்காடே முன்னிற்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு மூலையில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்த விழுக்காடு என்ன பொருள் தருகிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண, அதே மண்ணிலிருந்து முன்னர் வெளிநாடு சென்ற பருத்தியின் வரலாறு துணைசெய்கிறது.

2. வட்டாரமும் விளைபொருளும்

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு உருவான இராமநாதபுரம் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மலையடிவாரத்தில் செம்மண்ணும் கண்மாய், கிணற்றுப் பாசனமும் அமைய, கிழக்கே சாத்தூரை நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் விரிகிறது. கரிசலில் மானாவாரியாகக் கருங்கண்ணி, உப்பம் ஆகிய நாட்டுப் பருத்திகள் விளைந்தன. கிணற்றுப் பாசனம் உள்ள தோட்டக்கால் நிலங்களுக்கு, 1904–05ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் அறிமுகமான கம்போடியா பருத்தி பொருந்தி வந்தது. நாட்டுப் பருத்தியைவிட அதன் இழை நீளமானது. எனவே விலையும் கூடுதலாகக் கிடைத்தது.

இவ்வட்டாரத்தின் பருத்தி விருதுநகர்ச் சந்தை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டபோது ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அத்தடத்தில் நேரடியாக இணைந்தன. உலகச் சந்தையில் இப்பஞ்சு 'டின்னவெல்லி', 'கம்போடியா' என்னும் வணிகப் பெயர்களால் அறியப்பட்டது. ஊரின் பெயரும் உழவரின் பெயரும் அங்கு எட்டவில்லை. இந்த வணிகப் பெயரே பின்வரும் சிக்கலுக்கு அடிப்படையாயிற்று.

3. கலப்படமும் பொதுத் தள்ளுபடியும்

திருநெல்வேலிக் கரிசலில் புளிச்சை என்றொரு பருத்தியும் பயிரானது. அதன் இழை குட்டையானது. ஆனால் அரவையில் பஞ்சு அதிகம் தேறும். விதைப்பருத்தியை எடைக்கு விற்பவருக்கும், அரைத்துப் பஞ்சாக விற்கும் வணிகருக்கும் அது இலாபம் தந்தது. கருங்கண்ணியுடன் புளிச்சை கலந்து வந்தபோது, நூற்பாலையில் இழை ஒரே சீராக இல்லாமல் நூல் அறுந்தது. வாங்குவோர் அதற்கேற்ப விலையைக் குறைத்தனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது தள்ளுபடியின் தன்மையாகும். கலப்படம் செய்தவரைத் தனியே பிரித்தறிய வழி இல்லாதபோது, வாங்குவோர் வணிகப் பெயர் முழுவதற்கும் சேர்த்தே விலையைக் குறைப்பர். கலக்காதவரும் கலந்தவருக்குரிய தண்டத்தைச் செலுத்த நேர்கிறது. தூய பருத்தியை விளைவிக்க விவசாயிக்கு ஊக்கமே இல்லாமற்போவதற்கு இதுவே காரணம்.

கலப்படத்தைத் தண்டனையால் ஒழிக்க முதலில் முயன்றது பம்பாய் மாகாணம். அங்கு 1863இல் பருத்தி மோசடிச் சட்டம் இயற்றப்பட்டது. அது ஆய்வாளர்களை நியமித்தது. ஆனால் வணிகரின் எதிர்ப்பாலும் நடைமுறைச் சிக்கல்களாலும் இருபது ஆண்டுகளுக்குள் வழக்கொழிந்தது. தென்தமிழ்நாட்டில் பின்பற்றப்பட்ட வழி வேறு. 1901இல் கோவில்பட்டியில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வுப் பண்ணை கருங்கண்ணியில் நல்ல வகைகளைத் தெரிந்தெடுத்துத் தூய விதையைப் பரப்பியது. அதன்வழி புளிச்சை படிப்படியாக விலக்கப்பட்டது. விதியைக் கடைப்பிடிப்பதற்கான கருவி கரிசலின் நடுவிலேயே கிடைத்தது என்பது இதன் சிறப்பு.

4. சட்டமும் முத்திரையும் (1914–1925)

பயிர்நல விதிகளை எப்போதும் செல்வநாடுகளே நம்மீது சுமத்துகின்றன என்னும் கருத்து வரலாற்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை. 1914ஆம் ஆண்டின் அழிவுப்பூச்சிகள் சட்டத்தின் வழி இந்தியாவே அயல்நாட்டுத் தாவரப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்கப் பஞ்சோடு பூச்சி வந்துவிடலாகாது என்பதற்காக, அது பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக மட்டும், நச்சுப்புகை ஊட்டப்பட்ட பின்னரே உள்ளே விடப்பட்டது. 1919இல் இயற்றப்பட்ட சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் உள்ளூர் விவசாயிக்கும் கடமை விதித்தது. அறுவடைக்குப் பின் கம்போடியா பருத்திச் செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அகற்ற வேண்டும் என்னும் ஆணைகள் அச்சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்டன. அடுத்த விளைச்சலுக்குப் பூச்சி தங்கலாகாது என்பதே நோக்கம். மறுதாம்பு விட்டுக் கூடுதலாகச் சில மணங்குப் பருத்தி எடுக்க எண்ணிய விவசாயிக்கு அது இழப்பு. வட்டாரம் முழுமைக்கும் அது காப்பு. ஒரே விதி தடையாகவும் காப்பாகவும் அமைவதற்கு இது தெளிவான சான்று.

இந்தியப் பருத்திக் குழு 1919இல் அளித்த அறிக்கையின் விளைவாக 1921இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தது. 1923ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் ஏற்றுமதியாகும் பஞ்சின் மீதும் ஆலைகள் பயன்படுத்தும் பஞ்சின் மீதும் பொதிக்குச் சில அணாக்கள் வீதம் வாங்கி, அத்தொகையை ஆய்வுக்குச் செலவிட்டது. அதே ஆண்டின் பருத்திப் போக்குவரத்துச் சட்டம், ஒரு வட்டாரத்துப் பருத்தியோடு கலப்பதற்காக வேற்று வட்டாரப் பருத்தி உள்ளே வருவதைத் தடுக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. 1925ஆம் ஆண்டின் பருத்தி அரவை, அழுத்து ஆலைகள் சட்டம் ஒவ்வொரு பொதியிலும் வரிசை எண்ணும் அழுத்திய ஆலையின் குறியும் இருக்க வேண்டும் என்று விதித்தது.

இந்த முத்திரையின் பொருள் பெரிது. லிவர்பூலிலோ கோபேயிலோ பொதியைப் பிரித்துக் கலப்படம் கண்டால், அது எந்த ஆலையில் அழுத்தப்பட்டது என்று பின்னோக்கிச் சென்று அறியலாம். வணிகப் பெயர் முழுவதற்குமான தள்ளுபடியைக் குற்றம் செய்த ஆலைக்கு மட்டும் உரியதாகச் சுருக்க இது வழி வகுத்தது. இன்று பழப்பெட்டியின்மேல் ஒட்டப்படும் தோட்டப் பதிவு எண்ணும், சிப்பமிடும் கூடத்தின் குறியீடும் செய்வது இதே பணியைத்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொதி முத்திரை ஆலையோடு நின்றுவிட்டது, விவசாயிவரை செல்லவில்லை. தூய பருத்தி கொண்டுவந்தவர் யார் என்பதை அது சொல்லவில்லை. ஆகவே கூடுதல் விலையும் பெரும்பாலும் ஆலை, தரகு நிலையிலேயே தங்கியது.

5. பணயமான பருத்தி: 1933–34

உடன்படிக்கை என்னும் கருவி இவ்வட்டாரப் பருத்தியை நேரடியாகத் தொட்டது 1930களில். உலகப் பெருமந்தத்தால் விலை வீழ்ந்திருந்த காலம் அது. மலிவான ஜப்பானியத் துணி இந்தியச் சந்தையை நிறைத்தபோது, 1904ஆம் ஆண்டு முதல் நடப்பிலிருந்த இந்திய – ஜப்பானிய வணிக உடன்படிக்கையை முடித்துக்கொள்வதாக 1933 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் பிரித்தானியமல்லாத பருத்தித் துணிகளின் மீதான வரி 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஜப்பானிய நூற்பாலை முதலாளிகள் இந்தியப் பஞ்சை வாங்குவதில்லை என்று அறிவித்துப் பதிலடி கொடுத்தனர். பம்பாய் ஆலைகளையும் இலங்காஷயரையும் காப்பதற்காக விதித்த வரிக்கு, அவ்விரண்டிலும் பங்கில்லாத பருத்தி விவசாயி விலை கொடுக்க நேர்ந்தது.

சிம்லாவிலும் டில்லியிலும் நடந்த பேச்சுகளில் இந்திய அரசின் சார்பில் வணிகத்துறை உறுப்பினர் சர் ஜோசப் போர் பங்கேற்றார். 1934 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டது. ஜப்பான் 10 இலட்சம் பொதி இந்தியப் பஞ்சு வாங்கினால் 32.5 கோடி கெஜம் துணி விற்கலாம். 15 இலட்சம் பொதி வாங்கினால் உச்ச அளவாக 40 கோடி கெஜம் விற்கலாம். வரி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

வரியும் அளவுக் கட்டுப்பாடும் ஒருசேர அமைந்த இந்த ஏற்பாட்டில் ஒரு செய்தி நம் ஆய்வுக்கு முதன்மையானது. ஜப்பானியத் துணி சாம்பல், கரையிட்டது, வெளுத்தது, வண்ணம் என வகைபிரித்து ஒதுக்கப்பட்டது. பஞ்சோ பொதிக்கணக்கில் மட்டும் எண்ணப்பட்டது. குட்டை இழையாக இருந்தாலும் கம்போடியாவாக இருந்தாலும் பொதி பொதியே. உற்பத்தியாளரின் குரல் வலுவாக ஒலித்த பொருளுக்கு நுணுக்கமான வகைப்பாடு கிடைத்தது. குரல் ஒலிக்காத பொருளுக்கு மொத்த எண்ணிக்கை மட்டுமே கிடைத்தது. தரத்தை உயர்த்த முப்பது ஆண்டுகள் உழைத்த வட்டாரத்திற்கு அவ்வுழைப்பின் அடையாளம் எதுவும் உடன்படிக்கையில் இடம்பெறவில்லை.

இதற்கு முந்தைய அக்டோபரில் பம்பாய் ஆலை முதலாளிகளின் சார்பில் மோடியும் இலங்காஷயரின் சார்பில் கிளேர் லீஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இந்தியப் பஞ்சை மிகுதியாகப் பயன்படுத்த முயல்வதாக இலங்காஷயர் ஒப்புக்கொண்டது. ஆயின் அங்குள்ள எந்திரங்கள் அமெரிக்க நீள்இழைக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தன. வாங்க விருப்பம் இருந்தாலும் பொருள் எந்திரத்தோடு பொருந்த வேண்டும் என்பது, வரியோடு தொடர்பில்லாத வேறொரு வகைத் தடையாகும்.

இவ்வெளிச்சூழலுக்கு உள்ளூரிலேயே ஒரு மாற்று உருவானது. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பஞ்சை ஆயும் கண்ணும் கையும் ஊருக்குள்ளேயே வந்தன. தரம் பற்றிய பூசல் கடல்கடந்த தரகரோடு அன்றி அருகிலுள்ள ஆலையோடு என்றாகும்போது, அதன் செலவும் காலமும் குறைகின்றன. பின்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'எஸ்.வி.பி.ஆர்.' வரிசை இரகங்கள் ஊரின் பெயரையே தாங்கி நிற்பதும் இதே போக்கின் தொடர்ச்சியாகும்.

6. மாம்பழத்தின் முன் நிற்கும் விதிகள்

இன்று இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அடிவாரத் தோப்புகளின் அடையாளம் மாம்பழம். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் இவ்வட்டாரத்தின் பெயர்பெற்ற இரகங்கள். தோப்புகளைப் பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்கு விடும் வழக்கம் பரவலாக உள்ளது. இப்பழம் வெளிநாடு செல்ல வேண்டுமானால் எதிர்கொள்ளும் விதிகளை மூன்று சந்தைகளைக் கொண்டு காணலாம்.

முதலாவது ஐரோப்பிய ஒன்றியம். அங்கு மாம்பழத்தின் பொதுச் சுங்கவரி சுழியம். எந்த உடன்படிக்கையும் அதனை மேலும் குறைக்க இயலாது. அவ்வாறிருந்தும் 2014 மே முதல் இந்திய மாம்பழத்தையும் பாகல், கத்தரி, புடலை, சேம்பிலை ஆகியவற்றையும் ஒன்றியம் தடைசெய்தது. 2013இல் 207 இந்தியக் காய்கனிச் சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் கண்டறியப்பட்டன என்பது காரணமாகக் கூறப்பட்டது. ஏற்றுமதிக்கு முந்தைய பதப்படுத்தலும் ஆய்வும் கட்டாயமாக்கப்பட்ட பின், 2015 தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதான தடை விலக்கப்பட்டது. புளிச்சைக் கலப்படத்தின்போது நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. சில சரக்குகளின் குறைக்காக 'இந்திய மாம்பழம்' என்னும் பெயர் முழுவதும் ஒரு பருவத்தை இழந்தது.

இரண்டாவது ஜப்பான். நீண்டகாலத் தடைக்குப் பின் 2006இல், நீராவி வெப்பமூட்டலுக்கு உட்பட்ட இந்திய மாம்பழத்தை ஜப்பான் ஏற்றது. அனுமதி அல்போன்சா, கேசர், பங்கனப்பள்ளி, சௌசா, மல்லிகா, லாங்ரா ஆகிய ஆறு இரகங்களுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொரு இரகத்திலும் பழ ஈயின் முட்டையும் புழுவும் அழிகின்றன என்பதை ஆய்வால் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே பட்டியலின் காரணம். சப்பட்டைக்காக அவ்வாய்வு செய்யப்படாதவரை, 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வரிச்சலுகை அதற்குப் பயன்தராது. 1934இல் பஞ்சுக்கு வகைப்பாடு இல்லாமை குறையாக இருந்தது. இன்று வகைப்பாட்டில் இடமில்லாமை குறையாக உள்ளது. இரண்டிலும் பொதுவானது, பட்டியல் எழுதப்பட்ட இடத்தில் இவ்வட்டாரம் இல்லை என்பதே.

மூன்றாவது அமெரிக்கா. 1989 முதல் நிலவிய தடை 2007இல், 400 கிரே அளவில் கதிர்வீச்சு ஊட்டுதல் என்னும் நிபந்தனையோடு நீங்கியது. முதலில் ஏற்பளிக்கப்பட்ட நிலையம் மகாராஷ்டிரத்தின் இலாசல்காவில் உள்ளது. இராஜபாளையத்திலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். விரைவில் பழுக்கும் கனிக்கு அத்தொலைவே போதுமான தடை. அருகிலிருப்போருக்கும் இடர் இல்லாமல் இல்லை. 2025 மே மாதம் நவி மும்பையில் கதிர்வீச்சு ஊட்டப்பட்டு விமானத்தில் சென்ற 15 சரக்குகளை, ஆவணத்தில் பிழை உள்ளது என்று கூறி அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். திருப்பி அனுப்பும் செலவு பழத்தின் விலையை மிஞ்சும் என்பதால் அவை அங்கேயே அழிக்கப்பட்டன. பூச்சிக்கு எதிரான விதி நிறைவுற்றும் தாள் குறையால் சரக்கு அழிந்தது.

7. ஒப்பீடு

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் மூன்று உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, விதிகளை எல்லாம் மறைமுகப் பாதுகாப்புவாதம் என்று ஒதுக்குதல் பொருந்தாது. புளிச்சைக் கலப்படம் உண்மையானது. பழ ஈயும் உண்மையானது. 2003இல் ஐரோப்பா மிளகாய்த்தூளுக்குச் சூடான் சாயச் சோதனையைக் கட்டாயமாக்கியதும் புற்றுநோய் அச்சத்தின் அடிப்படையிலேயே. ஒரு விதி நியாயமானதா என்பதை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. அறிவியல் சான்று உண்டா, முன்னறிவிப்பு தரப்பட்டதா, நிறைவுசெய்யக் கூடியதா என்னும் மூன்றும் சேர்ந்தே அளவுகோலாகும். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் உடல்நல, பயிர்நலக் காப்பு உடன்படிக்கை இவற்றைக் கொள்கையளவில் ஏற்கிறது. புதிய விதிக்கும் அதன் நடைமுறைக்கும் இடையே பொதுவாக ஆறு மாதத்திற்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு தோகா முடிவும் கூறுகிறது.

இரண்டாவது, விதியை நிறைவு செய்யும் செலவை யார் ஏற்கிறார் என்பது. பருத்திக்குப் பொதித் தீர்வை இருந்தது; அதனை ஏற்றுமதியும் ஆலையும் ஏற்றன; அது ஆய்வாகவும் விதையாகவும் திரும்பியது. மாம்பழத்தில் பதப்படுத்தல், சோதனை, சான்று ஆகியவற்றின் செலவு ஏற்றுமதியாளரிடம் தொடங்கிக் குத்தகைதாரர் வழியாகத் தோப்பு விலையில் கழிக்கப்படுகிறது. தனியாளாக நிற்கும் சிறு தோப்புக்காரர் அதனைத் தாங்க இயலாது.

மூன்றாவது, பதனிடுதல் ஒரு மாற்றுவழி என்பது. பழக்கூழாகச் செல்லும்போது வெப்பமூட்டலே பழ ஈயை நீக்கிவிடுகிறது. கிருஷ்ணகிரி வட்டாரம் இவ்வழியில் வளர்ந்தது. ஆனால் பூச்சிக்கொல்லி எச்ச விதி அங்கும் நீங்குவதில்லை. தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிக்கொல்லிக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொது எல்லை. அந்த எல்லையைக் காப்பது தோப்பில் தெளிப்பவரின் கையில் உள்ளது. பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டவருக்கு, என்ன மருந்து எப்போது தெளிக்கப்பட்டது என்னும் கணக்கு தெரிய வாய்ப்பில்லை. ஆகவே குத்தகை முறையே இங்கு ஏற்றுமதிக்கு உள்ளிருந்து எழும் தடையாகிறது. ஏற்றுமதியாளர் முறையீடுகளில் இது அரிதாகவே குறிப்பிடப்படுகிறது.

8. முடிவுரை

இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை வரியல்லாத் தடை என்பது அண்மைக்கால வரவன்று. பருத்திக் காலத்தில் அது கலப்படத் தள்ளுபடியாகவும், பொதி முத்திரையாகவும், இழை நீளமாகவும் வந்தது. மாம்பழக் காலத்தில் வெப்பமூட்டலாகவும் இரகப் பட்டியலாகவும் படிவமாகவும் வருகிறது. பருத்தி அத்தடையைப் பெருமளவு கடந்ததற்குக் காரணம் விதி தளர்ந்தமை அன்று. கோவில்பட்டிப் பண்ணை, அரவை ஆலை, நூற்பாலை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையம் என விதியை நிறைவு செய்யும் ஏற்பாடுகள் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்தமையே காரணம்.

அமீரகத்துடனும் பிரிட்டனுடனும் செய்த உடன்படிக்கைகளில் பயிர்நல விதிகளுக்கெனத் தனி அத்தியாயங்கள் உள்ளன. அவற்றில் எழுதப்படும் சொற்கள் தேவையானவையே. அவற்றின் பயன் இவ்வட்டாரத்தை அடைய வேண்டுமானால் உள்நாட்டில் செய்ய வேண்டியவை மூன்று: சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகியவற்றுக்கான பதப்படுத்தல் ஆய்வைத் தொடங்குதல், தென்மாவட்டங்களுக்கு எட்டும் தொலைவில் ஏற்பளிக்கப்பட்ட பதப்படுத்தும் நிலையம் அமைத்தல், தெளிப்புக் கணக்கைத் தோப்பு உரிமையாளரும் குத்தகைதாரரும் இணைந்து பேணும் வகையில் குத்தகைச் சீட்டைத் திருத்துதல். முதல் இரண்டும் அரசின் பணி. மூன்றாவது ஊரே செய்துகொள்ளக் கூடியது. அடுத்த பூப்பருவத்திலேயே தொடங்கவும் கூடியது.